பகல் பதினொரு மணிக்குக் கடைக்கு வரும் பிள்ளைகள்

கேள்வி, 26 ஜனவரி 2025

"குமரி மாவட்டம் 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். கூப்பிடு தூரத்தில் பள்ளிக்கூடம். சோறு, சீருடை, புத்தகம், செருப்பு எல்லாம் இலவசம். இதற்கு மேலும் குடியரசு தினத்தன்று செங்கல் சூளையில் போய் நோட்டு கொடுத்து, 'பள்ளிக்கூடம் எட்டாத பிள்ளைகள்' என்று படம் போடுகிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளை இந்த மாவட்டத்தில் யாராவது கண்ணால் பார்த்ததுண்டா?"

26 ஜனவரி, இரவு

நான் பார்க்கிறேன், தினமும். ஆரல்வாய்மொழிக்கும் தோவாளைக்கும் நடுவே எனக்கு ஒரு பலசரக்குக் கடை. சரியான இடம் சொல்ல மாட்டேன், கடனுக்குச் சரக்கு கேட்டு வந்துவிடுவீர்கள். கடைக்குப் பின்னால் சூளைகள். ஞாயிற்றுக்கிழமை அங்கே செலவுக்காசு கொடுப்பார்கள், அன்றைக்கு எனக்கு நல்ல வியாபாரம். மற்ற நாளெல்லாம் பற்றுநோட்டு.

பகல் பதினொரு மணிக்குக் கடைக்கு வருகிற பிள்ளைகளை வைத்து நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். உள்ளூர்ப் பிள்ளை அந்த நேரத்தில் வந்தால் கையில் மாத்திரைச் சீட்டு இருக்கும், இல்லையென்றால் முகத்தில் திருட்டு முழி இருக்கும். சூளைப் பிள்ளை வந்தால் இரண்டும் இருக்காது. பத்து ரூபாய்க்கு எண்ணெய், நாலு வெங்காயம், ஒரு தீப்பெட்டி. இடுப்பில் ஒரு தம்பி. இந்த வருஷம் பொங்கல் கழிந்த பிறகு அப்படி வருகிற பிள்ளைகளை எண்ணினேன், ஏழு பேர். அதில் ஒரு பெண்ணுக்கு ஒன்பது வயது இருக்கும். போன வாரம் நான் மொத்தம் கூட்டிச் சொன்னதும் போகாமல் நின்றாள். விரலை மடக்கி மடக்கிக் காட்டினாள். மூன்று ரூபாய் கூட வாங்கியிருக்கிறேன். முப்பது வருஷமாகக் கடை நடத்துகிற எனக்கு வந்த வெட்கக்கேடு.

நோட்டு கொடுத்த படம் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். போன வருஷம் நோட்டு வாங்கிய பிள்ளைகள் மறுநாளும் பதினொரு மணிக்குத்தான் கடைக்கு வந்தார்கள்.

27 ஜனவரி

"100ல் 8 பிள்ளைகள் படிக்கவில்லை என்றால் அது சின்ன எண்ணிக்கையா" என்று நேற்று பின்னூட்டத்தில் எழுதியிருந்தேன். தப்பு. கணக்குத் தெரிந்த ஒருவர் தனியாகச் சொன்னார். எழுத்தறிவு விகிதம் ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன எல்லாரையும் சேர்த்தது. எழுதத் தெரியாதவர்களில் பெரும்பாலும் வயசாளிகள் இருப்பார்கள், என் அம்மை மாதிரி. பிள்ளைகளை அந்த எண்ணிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. போதாததற்கு அது 2011ல் எடுத்தது, என் கடைக்கு வருகிற எந்தப் பிள்ளையும் அப்போது பிறக்கவே இல்லை.

ஆக, உங்கள் 91.75ம் என் எட்டும் இந்த விஷயத்துக்கு உதவாது. என் ஏழு மட்டும் மிச்சம்.

28 ஜனவரி

"சட்டம்தான் இருக்கிறதே" என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது, நல்ல சட்டம். 2009ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். என் மருமகன் வக்கீலுக்குப் படிக்கிறான், அவனை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். வயதுச் சான்று இல்லை என்று சொல்லிச் சேர்க்க மறுக்கக் கூடாது. பாதி வருஷத்தில் வந்தாலும் மறுக்கக் கூடாது. வேறு மாநிலத்திலிருந்து வந்திருந்தாலும் மாற்றுச் சான்றிதழ் வருகிறவரை நிறுத்தி வைக்கக் கூடாது. ஒன்பது வயதுப் பிள்ளையை ஒண்ணாங்கிளாசில் குறுக்கி உட்கார வைக்கக் கூடாது, வயதுக்கு ஏற்ற வகுப்பில் போட்டு, விட்டுப்போனதைத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆதாரும் கட்டாயம் இல்லை, 2018 செப்டம்பர் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கேட்கக் கூடாது என்று சொல்லியாயிற்று.

அப்படியிருந்தும் 2023ல் என் கண் முன்னால் நடந்தது இது. சூளையில் வேலை பார்த்த ஒருவர், ஒடிசாவின் பலாங்கிர் பக்கத்துக்காரர், இரண்டு பிள்ளைகளைச் சட்டை மாற்றிவிட்டு, தலை சீவிக் கூட்டிக்கொண்டு வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆதார் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு அந்த வருஷம் முழுக்க அந்தப் பையன்கள் கல் திருப்பிக்கொண்டிருந்தார்கள். பச்சைக் கல்லை வெயிலில் ஒருபக்கம் காய்ந்ததும் மறுபக்கம் திருப்பி வைக்க வேண்டும். பிள்ளைகள்தான் அதற்கு வசதி, எடை குறைவு, மிதித்தாலும் கல் உடையாது.

29 ஜனவரி

பள்ளியின் பெயரைக் கேட்டு இத்தனை பேர் வருவீர்கள் என்று நினைக்கவில்லை. சொல்ல மாட்டேன்.

2 பிப்ரவரி

பெயர் சொல்லாதது நல்லதாகப் போயிற்று.

நேற்று அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போனேன். தலைமை ஆசிரியை எனக்குத் தெரிந்தவர்தான், எங்கள் கடையில்தான் பருப்பு வாங்குவார். 2023ல் இப்படித் திருப்பி அனுப்பிவிட்டீர்களே என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். அவர் பதிவேட்டை எல்லாம் எடுக்கவில்லை. "எங்கிட்ட அப்பிடி யாருமே வரலியே அண்ணாச்சி. வந்திருந்தா சேத்திருப்பேன். எனக்கே பிள்ளை எண்ணிக்கை கொறஞ்சு கெடக்கு" என்றார்.

ரோட்டைத் தாண்டி கடைக்குத் திரும்பி வரும்போதுதான் அந்தக் காலை முழுசாக ஞாபகம் வந்தது. அந்த மனிதர் பிள்ளைகளோடு முதலில் வந்து நின்றது என் கடையில். "ஸ்கூல், ஸ்கூல்" என்று சொல்லிக் கையால் வழி கேட்டார். நான் கேட்டேன், "ஆதார் இருக்கா?" இல்லை என்று தலையாட்டினார். "ஆதார் இல்லாம சேக்க மாட்டாவ, வெறுதே நடக்காதேயும்" என்று சொன்னது நான். சும்மா சொன்னேன், எல்லாவற்றுக்கும் ஆதார் கேட்கிறார்களே என்ற நினைப்பில். கேஸ் கனெக்‌ஷனுக்கு அப்படித்தான் அலைந்திருந்தேன். அவர் திரும்பிப் போய்விட்டார். பள்ளிக்கூட வாசலை அவர் மிதிக்கவே இல்லை.

இரண்டு வருஷமாக இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தின் தலையில் வைத்து எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல நானே நம்பிவிட்டேன். 28ஆம் தேதிக் குறிப்பை அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

3 பிப்ரவரி

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. "நீரும் ஒரு ஆபீசர் ஆகியிருக்கலாம்வே" என்று எழுதியவருக்குத் தனி நன்றி.

10 பிப்ரவரி

சேர்த்தாயிற்று. ஏழில் ஐந்து பேர்.

எப்படி என்று சொல்கிறேன், இதற்குப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதலில் சூளைக் கணக்குப்பிள்ளையிடம் போனேன். அவருக்குப் பயம், பிள்ளைகள் பட்டியல் வெளியே போனால் யாராவது சோதனைக்கு வந்துவிடுவார்களோ என்று. பதினாலு வயதுக்குக் கீழே பிள்ளை கல் திருப்பினால் முதலாளிக்குத்தான் கேஸ், 'குடும்பத் தொழில்' என்கிற சால்ஜாப்பு சூளைக்குச் செல்லாது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தால் உங்களுக்குத்தான் பாதுகாப்பு என்று சொன்னேன். அது வேலை செய்தது. கருணையைப் பற்றிப் பேசியிருந்தால் சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார்.

அப்புறம் தாய்தகப்பன்மார். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கணக்கு. ஊரிலேயே முன்பணம் வாங்கிவிட்டுத்தான் வண்டி ஏறுகிறார்கள். அங்கே நுவாக்காய் என்று புதுநெல் சாப்பிடுகிற திருவிழாவாம், நம் பக்கத்து நிறைபுத்தரிசி மாதிரி. அந்தச் சமயத்தில் ஏஜெண்டு காசோடு வந்து நிற்பான். அந்தக் கடனைக் கல்லாக அறுத்து அறுத்துக் கழிக்க வேண்டும். பிள்ளை கல் திருப்பினால் நாளைக்கு நூறு கல் கூடும், பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொண்டால் தாய்க்குக் கை ஓயாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் 'படிப்பின் அருமை தெரியாத ஜனங்கள்' என்று நானே பேசியிருக்கிறேன். அருமை தெரியாமலா தலை சீவிக் கூட்டிக்கொண்டு வந்தார் அந்த மனிதர்?

டீச்சர் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: "நாளைக்கே கூட்டிட்டு வாங்க, பேப்பர் பெறவு பாத்துக்கலாம்." அப்படியே செய்தார். வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியப் பயிற்றுநர் ஒருவர் வந்து பெயர் எழுதிப் போனார். கல்வித்துறைக் கணினிப் பதிவில் பிள்ளைக்கு ஒரு எண் உண்டு, எமிஸ் எண் என்பார்கள், அதுவும் கிடைத்தது. மூன்று ரூபாயைக் கண்டுபிடித்தவளுக்கு நாலாம் வகுப்பு.

மீதி இரண்டு பேர் பற்றிப் பிறகு.

11 பிப்ரவரி

ஒன்றை எழுத விட்டுவிட்டேன், அதுதான் முக்கியம். சூளையிலிருந்து பள்ளிக்கூடம் ஒன்றே கால் கிலோமீட்டர். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி, ஏறக்குறைய சரிதான். ஆனால் நடுவே நாகர்கோவில் – திருநெல்வேலி ரோடு. காற்றாலைக்கு இறக்கை ஏற்றிப் போகிற லாரி திரும்பும்போது பெரியவர்களே ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிடுவோம். ஆறு வயதுப் பையனைத் தனியாக யார் அனுப்புவார்கள்? நான் தாயாக இருந்தால் அனுப்ப மாட்டேன்.

ஆகவே காலையில் நான் நடக்கிறேன். ஏழே முக்காலுக்குச் சூளை, எட்டேகாலுக்குப் பள்ளி. காலை உணவு அந்த நேரத்துக்குத்தான். கடையை அதுவரை மனைவி பார்க்கிறாள். சர்க்கரைக்கு நடக்கச் சொன்ன டாக்டருக்கு மகிழ்ச்சி.

14 பிப்ரவரி

இதைக் கேளுங்கள். மத்தியானச் சாப்பாட்டில் முட்டை. புதுப் பிள்ளைகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சின்னவன் தட்டை நீட்டி "அண்டா, அண்டா" என்று கத்தியிருக்கிறான். சமைக்கிற அக்கா, பையனுக்கு எவ்வளவு பசியோ, அண்டாவையே கேட்கிறானே என்று இன்னும் ரெண்டு கரண்டி சோறு போட்டார். அவன் மறுபடியும் "அண்டா". பக்கத்தில் இருந்த நம்மூர்ப் பையன் ஒருவன், அவன் தாய்வீடு கருங்கல் பக்கம், "அக்கா, இவன் அண்டி கேக்கான்" என்று விளக்கம் கொடுத்திருக்கிறான். அந்தப் பக்கம் அண்டி என்றால் முந்திரி. சத்துணவில் முந்திரிப்பருப்புக்கு எங்கே போவது?

ஒடியாவில் முட்டைக்கு அண்டா என்று பெயர். இப்போது பள்ளிக்கூடம் முழுக்க முட்டை என்றால் அண்டாதான். டீச்சர்கூட எண்ணிக்கை எழுதும்போது வாய் தவறி அண்டா என்கிறாராம்.

17 பிப்ரவரி

அண்டி என்றதும் எனக்கு வேறு ஒன்று வந்துவிட்டது. மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் முந்திரி ஆலையை அண்டி ஆபீஸ் என்போம். எனக்கு மூத்தவள் ஒருத்தி. அஞ்சாம் வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அவளை நிறுத்தி அம்மையோடு அண்டி ஆபீசுக்கு அனுப்பினார்கள். வறுத்த அண்டியைத் தல்லுகிற, அதாவது தட்டி உடைக்கிற வேலை. தோட்டு எண்ணெய் பட்டுக் கையெல்லாம் கறுத்துத் தோல் உரியும், சாம்பலைத் தொட்டுத் தொட்டுத் தல்லுவார்கள். ராத்திரி என் சிலேட்டில் கணக்குப் போட்டுக் காட்டுவாள், சிலேட்டின் ஓரமெல்லாம் கறுப்புக் கைரேகை.

பள்ளிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். மணி அடித்தால் கேட்கும். அண்டி ஆபீசில் இருந்தாலும் கேட்கும்.

கேள்வி கேட்டவர் "கூப்பிடு தூரத்தில் பள்ளிக்கூடம்" என்று எழுதியிருந்தாரே, அதற்காகச் சொன்னேன்.

23 பிப்ரவரி

மீதி இரண்டு பேர். இரண்டும் பெண்பிள்ளைகள், இரண்டு பேர் இடுப்பிலும் ஒன்றரை வயதுக் குழந்தை. அங்கன்வாடியில் விடலாமே என்று எல்லாரும் சொல்கிறார்கள், நானும் சொன்னேன். போய்க் கேட்டேன். இரண்டு வயதிலிருந்துதான் உட்கார வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். அதற்குக் கீழே என்றால் சத்துமாவு கொடுப்பார்கள், எடை போடுவார்கள், பகல் முழுக்க வைத்திருக்க மாட்டார்கள். ஆக அந்த இரண்டு பெண்களின் பள்ளிக்கூடம் இரண்டு கைக்குழந்தைகளுக்கு இன்னும் ஆறு மாதம் ஆக வேண்டியதில் நிற்கிறது. அதற்குள் சூளை முடிந்து ஊருக்குப் போய்விடுவார்கள்.

சட்டத்தை மருமகன் மறுபடியும் புரட்டினான். தம்பியைப் பார்த்துக்கொள்கிற அக்காவுக்கு என்று ஒரு பிரிவும் அதில் இல்லை.

2 மார்ச்

இப்போதைக்கு ஒரு வழி. சூளையில் ஒரு கிழவி இருக்கிறாள், மகன் குடும்பத்தோடு வந்தவள், கல் அறுக்க முடியாது, அடுப்பை மட்டும் பார்ப்பாள். குழந்தைகளை அவள் பார்த்துக்கொள்கிறாள். காலையில் அரை லிட்டர் பாலும் பிஸ்கட்டும் என் கணக்கு, வெற்றிலை பாக்கும் என் கணக்கு. கிழவிக்குப் பால் முக்கியமில்லை, வெற்றிலை கறாராக வேண்டும்.

"இப்படி ஒரு கடைக்காரர் எல்லாச் சூளைக்கும் கிடைப்பாரா, இது ஒரு தீர்வா" என்று கேட்டவருக்கு: கிடைக்க மாட்டார், இது தீர்வு இல்லை. வேலையிடத்திலேயே ஒரு பிள்ளைக் கொட்டகையும் ஆயாவும் வேண்டும். அது வருகிறவரை கிழவிக்கு வெற்றிலை.

9 மார்ச்

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒருவர் நீளமாக எழுதியிருந்தார், என் மச்சினனும் அதையே சொல்கிறான். அவன் ரப்பர் பால் வெட்டுகிறவன். வெயில் ஏறினால் பால் வற்றும், அதனால் விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு புருஷனும் பெண்சாதியும் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகளை எழுப்ப ஆளில்லை. எழுந்தாலும் பழஞ்சோறு. பாதி நாள் அதுவே பள்ளிக்கூடம் போகாததற்குக் காரணம். அரசு ரப்பர் தோட்டங்களில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் ஒருபாடு, பாட்டிமார் வீட்டில் இருந்தால் பிள்ளைகள் தப்பிப்பார்கள்.

மச்சினன் சொல்கிறான், காலை உணவு வந்த பிறகு பிள்ளைகள் தாங்களே எழுந்து ஓடுகிறார்களாம். அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் 2023 ஆகஸ்டில் வந்தது. நம் மாவட்டத்தில் சபைகள் நடத்துகிற உதவிபெறும் பள்ளிகள் அதிகம். கிராமப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15 அன்றுதான் வந்தது. இடைப்பட்ட ஒரு வருஷம் ஒரே வீட்டில் அரசுப் பள்ளிக்குப் போன தம்பி பொங்கல் சாப்பிட்டான், உதவிபெறும் பள்ளிக்குப் போன அக்கா பட்டினி. அக்கா தம்பியின் பள்ளிக்கூடத்து வழியாகத்தான் போவாளாம்.

பேச்சிப்பாறை அணைக்கு மேலே காணிக்காரர் என்கிற மலைப் பழங்குடிகளின் குடியிருப்புகளைப் பற்றி நான் எழுதத் தகுதியில்லை, ஒரே ஒரு தடவை மோதிரமலை வரை போயிருக்கிறேன். நீர்ப்பரப்பைப் படகில் தாண்டி, மழை வந்தால் அந்தப் பக்கமே தங்கிவிடுகிற பிள்ளைகளுக்கு 'கூப்பிடு தூரம்' என்பதன் அர்த்தம் வேறு. அந்தப் பக்கத்துக்காரர் யாராவது எழுதுங்கள்.

16 மார்ச்

வரலாறு பேச ஆரம்பித்துவிட்டீர்கள். 1817ல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று உத்தரவு போட்டது, மயிலாடியில் ரிங்கல்தௌபே பாதிரியார் பள்ளி வைத்தது, இதெல்லாம் நமக்குப் பெருமைதான். மயிலாடி வழியாகப் பஸ்ஸில் போகும்போது நானும் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்வேன், அவர் தூங்குவார்.

ஆனால் அந்த உத்தரவு வந்து தொண்ணூறு வருஷத்துக்குப் பிறகும் அதே திருவிதாங்கூரில், தீண்டக்கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்த புலையர் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூட வாசலில்தான் நின்றது. ஊரூட்டம்பலத்தில் புலையர் தலைவர் அய்யங்காளி, பஞ்சமி என்கிற சின்னப் பெண்ணைக் கைபிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். பிள்ளை உட்கார்ந்ததற்காகப் பள்ளிக்கூடத்தையே எரித்தார்கள். நம் எல்லையிலிருந்து ரொம்ப தூரம் இல்லை அந்த ஊர். எரிந்த பெஞ்சு ஒன்றை இன்னும் வைத்திருக்கிறார்கள். இப்போது அந்தப் பள்ளிக்கு அவர்கள் இரண்டு பேர் பெயரும்தான்.

உத்தரவு போட்டது ராணி, கூட்டிக்கொண்டு போனது வேறு ஆள். சரி, வரலாற்றை இத்தோடு விட்டுவிடுகிறேன். காமராஜர் நாகர்கோவில் எம்.பி.யாக இருந்தாரே என்று யாராவது தொடங்குவதற்குள் ஓடிவிடுகிறேன்.

30 மார்ச்

படிப்பு எப்படி என்று கேட்டீர்கள். பாதிதான். சட்டத்தில் முடிந்தவரை தாய்மொழியில் சொல்லிக்கொடு என்று இருக்கிறது. ஒடியா தெரிந்த வாத்தியார் தோவாளை தாலுகாவில் எங்கே கிடைப்பார்? திருவள்ளூர் மாவட்டச் சூளைகளில் ஒடியா தெரிந்தவர்களை வைத்து, ஒடிசாவின் பாடப்புத்தகத்தையே வரவழைத்து நடத்தியிருக்கிறார்கள். அங்கே ஆயிரக்கணக்கில் குடும்பங்கள். இங்கே ஏழு பிள்ளைகளுக்கு யார் செய்வார்கள்?

நாலாம் வகுப்புக்காரி கணக்கில் முதல். தமிழில் அவளுக்கு 'ழ' வரவில்லை, நம்மாட்கள் பாதிப் பேருக்கும் வராது. அவளை 'எண்ணும் எழுத்தும்' திட்டத்து அட்டைகளோடு சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். வயதுக்கு ஏற்ற வகுப்பு என்பது பதிவேட்டில் மட்டும்தானா என்று டீச்சரிடம் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு டீச்சர், அஞ்சு கிளாஸ் அண்ணாச்சி. நீங்க வந்து ஒரு மணிக்கூர் நில்லுங்க, பாப்போம்" என்றார். நின்றேன். இருபது நிமிஷம் தாக்குப்பிடித்தேன்.

25 மே

மழைக்கு முன்னால் சூளை நிறுத்திவிட்டார்கள். நேற்று சாயங்காலம் கிளம்பிப் போனார்கள். விடுமுறை என்றாலும் டீச்சர் வந்து ஏழு பேருக்கும் மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். எமிஸ் எண்ணைப் பின்னால் பெரிதாக எழுதினார். பலாங்கிர் பக்கத்தில் பிழைப்புக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கென்று பருவகால விடுதிகள் இருக்கின்றன, அடுத்த தடவை பிள்ளைகளை அங்கே விட்டு வரலாம் என்று மேஸ்திரி மூலம் சொல்லச் சொன்னேன். தகப்பன் கேட்டுக்கொண்டார். தாய் மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். விடுதியில் விடுவதா வேண்டாமா என்று நான் யார் சொல்ல? என் மகளை நான் விட்டிருப்பேனா?

பற்றுநோட்டில் அவர்கள் பாக்கி 140 ரூபாய். பக்கத்தைக் கிழிக்கவில்லை, மேஸ்திரி போன் நம்பர் அதில்தான் இருக்கிறது.

8 ஜூன்

பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்புக்கு இரண்டு பேர் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், வெயிலில் நடந்தே வந்திருக்கிறார்கள். சூளையைக் காட்டினேன். அடுப்பு ஆறிக் கிடந்தது, நாய் ஒன்று படுத்திருந்தது. 'குழந்தைகள் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் எழுதியது சரிதான்.

கேள்வி கேட்டவருக்கு இனி என் பதில் இதுதான். நீங்கள் பார்த்ததில்லை என்று சொன்னது பொய் இல்லை.

14 டிசம்பர்

புது செட் வந்துவிட்டது. மேஸ்திரி அவரேதான், குடும்பங்கள் வேறு. மூன்று ரூபாய்க்காரியின் வீட்டார் இந்த வருஷம் தெலங்கானா சூளைக்குப் போய்விட்டார்களாம், அங்கே முன்பணம் கூட. பிள்ளை விடுதியில் இருக்கிறதா, கூடப் போயிற்றா என்று கேட்டேன். மேஸ்திரிக்குத் தெரியவில்லை. போன் செய்து கேட்கச் சொன்னேன், கேட்கிறேன் என்றார். மூன்று தடவை கேட்கிறேன் என்றிருக்கிறார்.

வந்தவர்களில் பள்ளி வயதுப் பிள்ளைகள் நாலு பேர். மறுநாளே டீச்சரிடம் சொல்லியாயிற்று. கிழவி வரவில்லை. வேறு கிழவி பார்க்க வேண்டும்.

25 ஜனவரி 2026

கேள்வி கேட்டவர் நேற்று கடைக்கே வந்துவிட்டார். இடம் சொல்ல மாட்டேன் என்று எழுதியும் காற்றாலையை அடையாளம் வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார். கடன் கேட்கவில்லை. ஓய்வுபெற்றவர், காலையில் சும்மா நடக்கிறவர், நாகர்கோவிலிலிருந்து முதல் பஸ்ஸில் வரலாம் என்கிறார்.

வாரும்வே. புதன்கிழமை நான் கோட்டாற்றுக்குச் சரக்கெடுக்கப் போக வேண்டும், அன்றைக்கு நடை உம்முடையது. ஏழே முக்காலுக்குச் சூளை வாசலில் நில்லும், பிந்தினால் பொங்கல் தீர்ந்துவிடும். ரோட்டைத் தாண்டும்போது சின்னவனின் கையை விடாதேயும், அவன் லாரியைப் பார்த்தால் நின்றுவிடுவான். சிவப்புச் சட்டைக்காரி வரமாட்டேன் என்று அழுவாள், அது வளைவு வரைதான். நாலு பேரையும் எண்ணிக் கூட்டிக்கொண்டு போம். அங்கே போய் மறுபடியும் எண்ணும்.